வேகமான பிராசசர் வாங்கினால் டைம்லைன் திக்காமல் ஓடுமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். எட்டு கோர் பிராசசர், 32 ஜி.பி. ரேம், ஓரளவு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு எல்லாம் இருக்கின்றன. மிரர்லெஸ் கேமராவில் எடுத்த 4கே கிளிப்பை எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில், அதாவது கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் பட்டையில், போட்டால் திக்கித் திக்கி ஓடுகிறது. அந்த நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் பிராசசர் 30 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. இன்னும் வேகமான பிராசசர் வாங்கினால், ரெண்டர் போடாமல் (முன்கூட்டியே கணக்கிட்டு எழுதி வைக்காமல்) உடனுக்குடன் பார்த்தபடியே எடிட் செய்ய முடியுமா?

இப்போதைக்கு வாங்காதீர்கள். முதலில் எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிப்போம். நீங்கள் சொன்ன அந்த 30 சதவீதம் ஒரு நல்ல துப்பு. அது என்ன சொல்கிறது என்று புரிந்துவிட்டால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். கொஞ்சம் சுற்றித்தான் அங்கே வர வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்படி உடனுக்குடன் ஓடுவதைத்தான் ரியல் டைம் என்கிறோம். ரியல் டைம் என்றதும் நாம் வேகத்தைத்தான் நினைக்கிறோம். ஆனால் அதைக் கெடு என்று எடுத்துக்கொண்டால் எல்லாம் தெளிவாகும். வினாடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 40 மில்லிவினாடி. 30 என்றால் 33.3. 60 என்றால் 16.7 மட்டும். இந்த நேரத்துக்குள் டிஸ்க்கிலிருந்து தரவைப் படிக்க வேண்டும், சுருக்கி வைத்த படத்தை விரிக்க வேண்டும், நிறத்தைத் திருத்த வேண்டும், மேலே டைட்டில் இருந்தால் அதைக் கலக்க வேண்டும், திரைக்கு அனுப்ப வேண்டும். இவை முடிவதற்குள் கெடு தாண்டினால் அந்த ஃபிரேம் விழுந்துவிடும். அடுத்தது வந்துவிடும்.

முடித்த வீடியோவைக் கோப்பாக எழுதும் எக்ஸ்போர்ட்டில் கெடு கிடையாது, மொத்த நேரம்தான் கணக்கு. ஒரு வினாடியில் 29 ஃபிரேம்களுக்கு 20 மில்லிவினாடி வீதமும், ஒரே ஒரு ஃபிரேமுக்கு 60 மில்லிவினாடியும் ஆகிறது என்று வையுங்கள். மொத்தம் 640 மில்லிவினாடி. எக்ஸ்போர்ட்டில் வினாடிக்கு 47 ஃபிரேம் ஓடும், கணினி வேகமாக இருக்கிறது என்று சந்தோஷப்படலாம். அதே கிளிப் டைம்லைனில் வினாடிக்கு ஒரு முறை இடறும். எடிட்டிங் மென்பொருள் சில ஃபிரேம்களை முன்கூட்டியே தயார் செய்து வைத்திருப்பதால் நேராக ஓடவிட்டால் இது பெரும்பாலும் தெரியாது. ஆனால் பிளேஹெட்டை, அதாவது எந்த ஃபிரேமில் இருக்கிறோம் என்று காட்டும் கோட்டை, வேறு இடத்துக்கு இழுத்த அந்தக் கணத்தில் முன்பே தயார் செய்தவை எல்லாம் வீண். எடிட்டர் என்பவர் நாள் முழுக்கச் செய்வதே பிளேஹெட்டை இழுப்பதுதானே.

இது எனக்கு ஏன் முக்கியம் என்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு கட் சரியாக விழுந்ததா என்பது ஒன்றிரண்டு ஃபிரேமில் தெரியும் விஷயம். பேசுபவர் மூச்சு இழுத்த பிறகு வெட்டுவதா, அதற்கு முன்பா, ஒரு காட்சி கரைந்து அடுத்ததாக மாறும் டிஸால்வ் 12 ஃபிரேமா 20 ஃபிரேமா என்பதை எல்லாம் ஓடவிட்டுப் பார்த்த கையோடு மாற்றி, மறுபடி ஓடவிட்டால்தான் உள்ளுணர்வு வேலை செய்யும். நடுவில் ரெண்டருக்காக இரண்டு நிமிடம் காத்திருந்தால், முதலில் பார்த்தது எப்படி இருந்தது என்பதே மறந்துபோகும். நான் வேலை பழகிய நாட்களில், ரெண்டர் போட்டுக் காத்திருக்கச் சோம்பேறித்தனப்பட்டு, 'இதுவே போதும்' என்று விட்டுவிட்ட டிஸால்வ்கள் எத்தனையோ. இன்று அவற்றைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது. திக்காமல் ஓடும் டைம்லைனை நான் ஆடம்பரமாக நினைப்பதில்லை. வேலையின் தரமே அதில்தான் இருக்கிறது.

சரி, பிராசசர் வேகத்துக்கும் இதற்கும் என்ன உறவு? ஒரு காலத்தில் நேரடி உறவு இருந்தது. உங்கள் கேள்வியில் உள்ள நம்பிக்கை அந்தக் காலத்திலிருந்து வந்ததுதான்.

அடோபியின் பிரீமியர் 1991 இறுதியில் மேக் கணினிக்கு வந்தபோது, மேசைக் கணினியில் ஓடிய வீடியோ தபால்தலை அளவுதான், 160×120 பிக்சல். 1995இல் மினிடிவி கேசட் வந்தது. அந்த 'டிவி' தொலைக்காட்சியைக் குறிப்பதில்லை, டிஜிட்டல் வீடியோ என்பதன் சுருக்கம். வினாடிக்கு 25 மெகாபிட், 720×480 அல்லது 720×576 அளவு. ஃபயர்வயர் கேபிளில் கேமராவிலிருந்து நேராகக் கணினிக்குள் இழுக்கலாம், ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 13 ஜி.பி. ஆகும். அதன் பெரிய அழகு, ஒவ்வொரு ஃபிரேமும் தன்னந்தனியாகச் சுருக்கப்பட்டிருக்கும். எந்த ஃபிரேமைக் கேட்டாலும் அதை மட்டும் விரித்தால் போதும். வெட்டி ஒட்டுவதற்கென்றே செய்தது போன்ற வடிவம்.

ஒற்றைக் கிளிப்பை ஓட்டுவது அன்றைய பிராசசருக்குப் பெரிய சுமை இல்லை. டிஸால்வ் போட்டால்தான் சிக்கல். இரண்டு கிளிப்புகளை ஒரே நேரத்தில் விரிக்க வேண்டும், ஒவ்வொரு பிக்சலிலும் முதல் படத்தில் கொஞ்சம், இரண்டாவதில் கொஞ்சம் எடுத்துக் கலக்க வேண்டும், வெளி மானிட்டரில் பார்க்க வேண்டுமென்றால் கலந்ததைத் திரும்பவும் சுருக்கி ஃபயர்வயரில் அனுப்ப வேண்டும். இதை எல்லாம் 40 மில்லிவினாடிக்குள் முடிக்க அன்றைய பிராசசரால் முடியவில்லை. அதனால்தான் மேட்ராக்ஸ், பினக்கிள், கானோபஸ் போன்ற நிறுவனங்கள் ரியல் டைம் கார்டுகளை விற்றன. நான் பழகிய இடத்தில் அப்படி ஒன்று இருந்தது. அந்தக் கார்டுக்குத் தெரிந்த எஃபெக்ட் என்றால் உடனே ஓடும். தெரியாத ஒன்றைப் போட்டால் டைம்லைனுக்கு மேல் சிவப்புக் கோடு வரும். ரெண்டர் போட்டுவிட்டு எழுந்து போக வேண்டியதுதான். புதிய இயங்குதளத்துக்கு மாறியபோது கார்டுக்கான டிரைவர் வரவில்லை, அத்தனை விலை கொடுத்த பொருள் மூலையில் போனது.

அந்தக் கார்டுகளைக் காலி செய்தது பிராசசர்தான். வெறும் கடிகார வேகம் மட்டும் ஏறியதால் அது நடக்கவில்லை. 1997இல் இன்டெல் பென்டியத்தில் எம்.எம்.எக்ஸ். கட்டளைகளைச் சேர்த்தது. டிஸால்வ் என்பது கோடிக்கணக்கான பிக்சல்களில் திரும்பத் திரும்ப ஒரே பெருக்கல், ஒரே கூட்டல். எம்.எம்.எக்ஸ். ஒரே கட்டளையில் 64 பிட்டை, அதாவது 8 பைட்டை எடுத்துக்கொண்டது. இதே வகைக் கட்டளைகளாக 1999இல் பென்டியம் 3இல் எஸ்.எஸ்.இ.யும், ஆப்பிளின் ஜி4 கணினிகளில் ஆல்ட்டிவெக்கும் வந்தன. 2000 இறுதியில் பென்டியம் 4 கொண்டுவந்த எஸ்.எஸ்.இ.2இல் ஒரே மூச்சில் 16 பைட். 2013இல் ஏ.வி.எக்ஸ்.2 வந்தபோது 32 பைட். கடிகார வேகமும் கூடவே ஏறியது. 2002 நவம்பரில் பென்டியம் 4 மூன்று கிகாஹெர்ட்ஸைத் தாண்டியது. அப்போதெல்லாம் புதிய பிராசசர் போட்டால் டைம்லைனில் இன்னொரு வீடியோ டிராக் ரியல் டைமில் ஓடும். கணக்கு அவ்வளவு எளிமையாக இருந்தது.

அந்தக் கணக்கை இரண்டு விஷயங்கள் உடைத்தன.

ஒன்று, கடிகாரம் நின்றது. வேகத்தை ஏற்ற ஏற்ற வெப்பம் தாங்கவில்லை. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வரும் என்று சொல்லியிருந்த இன்டெல், 2004 அக்டோபரில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. 2005இல் இன்டெலும் ஏ.எம்.டி.யும் மேசைக் கணினிக்கு இரட்டைக் கோர் பிராசசர்களைக் கொண்டுவந்தன. அன்றிலிருந்து 'வேகமான பிராசசர்' என்றால் பெரும்பாலும் 'அதிக கோர் உள்ள பிராசசர்' என்று அர்த்தமாகிவிட்டது. ஒரு கோரின் வேகமும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் 1990களில் பார்த்த பாய்ச்சல் அதில் இல்லை.

இன்னொன்று, கேமரா மாறியது. எனக்கு இது எச்.டி.வி. வந்தபோதுதான் உறைத்தது. 2003இல் அறிவிக்கப்பட்ட வடிவம் அது. அதே மினிடிவி கேசட், 1080 வரி வடிவத்தில் அதே 25 மெகாபிட். கோப்பின் அளவும் கிட்டத்தட்ட அதேதான். நம்பிக்கையோடு டைம்லைனில் போட்டால் கணினி மூச்சுத் திணறியது. படம் 1440×1080, பழைய 720×480ஐ விட 4.5 மடங்கு பிக்சல்கள். அவ்வளவையும் அதே 25 மெகாபிட்டில் எப்படி அடைத்தார்கள்? முழுப் படத்தை 12 அல்லது 15 ஃபிரேமுக்கு ஒரு முறைதான் எழுதினார்கள். நடுவில் வரும் ஃபிரேம்களில், முந்தையதிலிருந்து அல்லது பிந்தையதிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்பு மட்டும்தான். இந்தத் தொகுப்பைத்தான் ஜி.ஓ.பி. என்கிறோம். கோப்பு சிறியதாக இருந்தால் வேலையும் சிறியது என்ற என் நினைப்பு அன்றோடு போயிற்று. நெருக்கிச் சுருக்கிய கோப்பு, சுமையை டிஸ்க்கின் தலையிலிருந்து இறக்கிப் பிராசசரின் தலையில் வைக்கிறது.

உங்கள் மிரர்லெஸ் கேமரா எச்.264, எச்.265 என்ற சுருக்கும் முறைகளில் எழுதும் கோப்புகள் அந்த வம்சத்தின் பேரப்பிள்ளைகள், அவர்களைவிடப் பல மடங்கு கெட்டிக்காரர்கள். எச்.264 வந்தது 2003இல், எச்.265 வந்தது 2013இல். ஒவ்வொரு தலைமுறையிலும் அதே தரத்துக்குக் கோப்பின் அளவு ஏறக்குறைய பாதியாகிறது. அந்த லாபத்துக்கான விலையை விரிக்கும்போது கொடுக்கிறோம். பிக்சல் எண்ணிக்கையையும் பாருங்கள். மினிடிவி வினாடிக்கு ஒரு கோடி பிக்சலுக்குச் சற்று மேல். 4கே 30 ஃபிரேம் என்றால் வினாடிக்கு ஏறக்குறைய 25 கோடி.

இப்போது அந்த 30 சதவீதத்துக்கு வருவோம்.

எச்.264, எச்.265 கோப்பை விரிப்பதில் முதல் படி, நெருக்கி எழுதிய பிட்களைப் படித்து எடுப்பது. இதில் ஒரு பிட்டின் அர்த்தம் அதற்கு முன் வந்த பிட்களைப் பொறுத்தது. முன்னது தெரியாமல் பின்னதைப் படிக்க முடியாது. சங்கிலியாகத்தான் போக வேண்டும். கேமரா ஒரு ஃபிரேமைப் பல துண்டுகளாகப் பிரித்து எழுதியிருந்தால் துண்டுக்கு ஒரு கோர் என்று பங்கிடலாம். ஒரே துண்டாக எழுதியிருந்தால் அந்தப் படியை ஒரு கோர்தான் செய்ய வேண்டும், மற்றவை வேடிக்கை பார்க்கும். அடுத்த ஃபிரேமை இன்னொரு கோரில் தொடங்கலாம் என்றால், அது இந்த ஃபிரேமின் படத்தைத் துணைக்குக் கேட்கும், கொஞ்சம் பின்னாலேயே நடந்துவர வேண்டும். உங்கள் எட்டு கோர் பிராசசர் இயங்குதளத்தின் கண்ணுக்குப் பெரும்பாலும் பதினாறு வேலை வரிசைகளாக (திரெட்) தெரியும். அதில் ஐந்து வரிசை முழு மூச்சில் ஓடி, மிச்சம் பதினொன்று சும்மா இருந்தால் சராசரி என்ன? 31 சதவீதம்! பிராசசருக்கு ஓய்வு கிடைத்திருக்கிறது என்று அதற்கு அர்த்தமில்லை. ஓடக்கூடியவை எல்லாம் ஓடிக்கொண்டிருக்கின்றன, மற்றவற்றுக்குக் கொடுக்க வேலை இல்லை.

கோர்களைப் பெருக்கிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதை ஜீன் ஆம்டால் 1967இலேயே சொல்லிவிட்டார். ஒரு வேலையில் 90 சதவீதம் பங்கிடக்கூடியது, 10 சதவீதம் வரிசையாகத்தான் செய்ய முடியும் என்றால், எட்டு கோரில் 4.7 மடங்கு வேகம் கிடைக்கும். பதினாறு கோரில் 6.4 மடங்கு. எத்தனை ஆயிரம் கோர் போட்டாலும் 10 மடங்கைத் தாண்டாது. எட்டிலிருந்து பதினாறுக்குப் போகக் கொடுக்கும் விலையையும் கிடைக்கும் பலனையும் இதை வைத்து யோசித்துப் பாருங்கள்.

பிளேஹெட்டை இழுக்கும்போது நிலைமை இன்னும் மோசம். அரை வினாடி நீளமுள்ள ஜி.ஓ.பி.யின் கடைசிப் பக்கம் இருக்கும் ஒரு ஃபிரேமைக் கேட்கிறீர்கள். மென்பொருள் அந்தத் தொகுப்பின் முழுப் படத்துக்குப் போய், நடுவில் உள்ளவற்றில் தேவையானதை எல்லாம் விரித்துக்கொண்டே வந்து, நீங்கள் கேட்டதைக் காட்டுகிறது. ஒரு ஃபிரேமைக் காட்டப் பத்து ஃபிரேம் வேலை. பின்னோக்கி ஓட்டினால் தொகுப்பு முழுவதையும் விரித்து நினைவகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 10 பிட் 4:2:2 என்ற, நிறத்தை நுணுக்கமாகப் பதியும் வடிவத்தில் 4கே ஃபிரேம் ஒன்று நினைவகத்தில் 33 எம்.பி. வரை பிடிக்கும். 30 ஃபிரேம் தொகுப்பு என்றால் கிட்டத்தட்ட ஒரு ஜி.பி. அதுவும் ஒரே ஒரு கிளிப்புக்கு. நான்கு கேமரா மல்ட்டிகேமில் நான்கால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இதற்குத் தீர்வாக வந்தது, ஒரு காலத்தில் பிராசசர் காலி செய்த அதே தனி வன்பொருள். இந்த முறை கார்டாக வராமல் சிப்புக்குள்ளேயே ஒரு மூலையில் வந்து உட்கார்ந்தது. 2011இல் இன்டெல் தன் பிராசசர்களில் குவிக் சிங்க் என்ற பகுதியைச் சேர்த்தது. என்விடியா கார்டுகளிலும் ஏ.எம்.டி. கார்டுகளிலும் இதே வேலைக்குத் தனிப் பகுதி உண்டு. ஆப்பிள் 2021இல் எம்1 புரோ, எம்1 மேக்ஸ் சிப்புகளில் எடிட்டிங்குக்கென்று தான் உருவாக்கிய புரோரெஸ் கோப்புக்கும் சேர்த்தே கொடுத்தது. இந்தப் பகுதிகளுக்கு வேறு எதுவும் தெரியாது, வீடியோவை விரிப்பது மட்டும் தெரியும். அதைச் சொற்ப மின்சாரத்தில், கெடுவுக்கு வெகு முன்னாலேயே முடித்துவிடும். மெல்லிய லேப்டாப் ஒன்று, பெரிய மேசைக் கணினியைவிடச் சுகமாக 4கே ஓட்டுவதைப் பார்த்து ஆச்சரியப்பட்டிருப்பீர்கள். ரகசியம் இதுதான்.

ஆனால் பழைய கார்டின் குணமும் கூடவே வந்திருக்கிறது. அதற்குத் தெரிந்த வடிவம் என்றால் ஓடும், தெரியாவிட்டால் பாரம் முழுக்கப் பிராசசர் மேல். மிரர்லெஸ் கேமராக்காரர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். கலர் கரெக்ஷனுக்கு நல்லது என்று 10 பிட் 4:2:2 வடிவத்தைத் தேர்ந்தெடுக்கிறோம், அது சரியான தேர்வுதான். ஆனால் பல ஆண்டுகளாக என்விடியா கார்டுகளில், நிறத் தகவல் அதில் பாதியே உள்ள 10 பிட் 4:2:0 எச்.265 கோப்பை விரிக்கும் வசதி இருந்தது, 4:2:2 கோப்புக்கு இல்லை. 2025இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 50 வரிசையில்தான் அது சேர்ந்தது. இன்டெலின் 11ஆம் தலைமுறையிலிருந்து உள்ளமைந்த கிராஃபிக்ஸ் பகுதி எச்.265 4:2:2 கோப்பை விரிக்கும். எனவே விலை உயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு திணறும் கிளிப்பை, பிராசசரோடு இலவசமாக வந்த சின்ன கிராஃபிக்ஸ் பகுதி அநாயாசமாக ஓட்டுவது நிஜமாகவே நடக்கும். அந்தச் சின்னப் பகுதியை பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கத்தில்) யாராவது அணைத்து வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். தனி கார்டு போட்ட பல கணினிகளில் அது அணைந்தே கிடக்கிறது.

உங்கள் கேள்வியில் கேமராவின் வடிவம் என்ன என்று நீங்கள் சொல்லவில்லை. அறிகுறிகளைப் பார்த்தால் இந்தக் கதைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

விரித்து முடித்த பிறகு எஃபெக்ட்களின் கதை வேறு. அங்கே எல்லாப் பிக்சலுக்கும் ஒரே கணக்கு, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. ஆயிரக்கணக்கான சின்னக் கோர்கள் உள்ள கிராஃபிக்ஸ் கார்டுக்கு அல்வா சாப்பிடுவது போல. இடிப்பது பெரும்பாலும் நினைவகப் பாதையில்தான். நல்ல கலர் கரெக்ஷன் 32 பிட் மிதவைப் புள்ளி எண்களில் நடக்கும், ஒரு பிக்சலுக்கு நான்கு எண்கள், 16 பைட். 4கே ஃபிரேம் ஒன்றுக்கு 133 எம்.பி. பத்து எஃபெக்ட் போட்டு, ஒவ்வொன்றும் படத்தை ஒரு முறை படித்து ஒரு முறை எழுதினால், 30 ஃபிரேமுக்கு வினாடிக்கு 80 ஜி.பி. போக்குவரத்து. இரட்டைச் சேனல் டி.டி.ஆர்.4-3200 ரேம் ஏட்டளவில் தருவதே 51.2 ஜி.பி.தான். எஃபெக்ட்களைச் சேர்த்து ஒரே நடையில் முடிக்கும் மென்பொருள்கள் உண்டு, அதனால் நிஜத்தில் இவ்வளவு மோசமாகாது. ஆனாலும் கிராஃபிக்ஸ் கார்டின் நினைவகம் வினாடிக்குப் பல நூறு ஜி.பி. கொடுக்கும்போது, அந்த வேலையைப் பிராசசரிடம் கொடுப்பதில் அர்த்தமில்லை. பிரீமியர் 2010இல் சி.எஸ்.5 பதிப்பில் இந்தப் பாதைக்கு மாறியதும் எங்கள் வேலை எவ்வளவு மாறியது என்பதை அந்த நாட்களில் எடிட் செய்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

டிஸ்க்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சுருக்கிய கேமரா கோப்புகளுக்கு எந்த எஸ்.எஸ்.டி.யும் போதும். சுழலும் ஹார்டு டிஸ்க்கில் பல கிளிப்புகளை ஒரே நேரத்தில் படிக்க வைத்தால் மட்டும் தகராறு.

இனி சோதனை. திக்கும் கிளிப்பைப் புதிய டைம்லைனில் தனியாக, எந்த எஃபெக்ட்டும் இல்லாமல், டைம்லைன் அமைப்பும் கிளிப்பும் ஒரே அளவு, ஒரே ஃபிரேம் ரேட்டில் இருக்கும்படி போடுங்கள். ஓடுகிறதா? ஓடினால் உங்கள் பிரச்சினை எஃபெக்ட்டில். ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போய் எதில் நிற்கிறது என்று பாருங்கள். தனியாக இருக்கும்போதே திக்கினால், கிளிப்பை உள் எஸ்.எஸ்.டி.க்கு நகலெடுத்து மறுபடி ஓட்டுங்கள். அப்படியும் திக்கினால் பிளேபேக் ரெசல்யூஷனைப் பாதியாகவும் கால்வாசியாகவும் குறைத்துப் பாருங்கள். அதனால் பெரிய மாற்றம் இல்லை என்றால் அநேகமாக விரிக்கும் வேலையில்தான் அடைப்பு. ஏனென்றால் எச்.264, எச்.265 கோப்பைக் கால்வாசி அளவில் காட்டுவதற்கும் முதலில் முழுதாக விரித்துத்தான் ஆக வேண்டும். ரெட் கேமராவின் ரா கோப்பு போன்ற சில வடிவங்கள் மட்டும் சிறிய அளவில் விரிக்க வழி தரும்.

கடைசியாக, டாஸ்க் மேனேஜரில் சராசரியைப் பார்க்காமல், பிராசசர் பக்கத்தில் வலது கிளிக் செய்து ஒவ்வொரு வரிசையையும் தனித்தனியாகக் காட்டச் சொல்லுங்கள். கிராஃபிக்ஸ் பக்கத்தில் 'வீடியோ டிகோட்' என்று தனி வரைபடம் இருக்கும், டிகோட் என்பது நாம் சொன்ன விரிக்கும் வேலைதான். கிளிப் ஓடும்போது அது தரையோடு தரையாகக் கிடந்தால் வன்பொருள் உதவிக்கு வரவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். மென்பொருளின் அமைப்பில் வன்பொருள் டிகோடிங் இயங்குகிறதா என்று பார்த்து, டிரைவரையும் புதுப்பித்துவிட்டுத் திரும்ப ஓட்டுங்கள்.

அடைப்பு விரிப்பதில்தான் என்று உறுதியானால், ஒரு காசு செலவில்லாத வழி பிராக்ஸி. கேமரா கோப்பை, ஒவ்வொரு ஃபிரேமும் தனித்து நிற்கும் வடிவத்துக்கு, சிறிய அளவில் மாற்றி வைத்துக்கொண்டு எடிட் செய்வது. 1080பி அளவில் 30 ஃபிரேம் என்றால் புரோரெஸ் பிராக்ஸி வினாடிக்கு 45 மெகாபிட், ஒரு மணி நேரத்துக்கு 20 ஜி.பி. விண்டோஸில் டி.என்.எக்ஸ்.எச்.ஆர். எல்.பி. என்ற வடிவமும் அதே காரியத்தைச் செய்யும். எக்ஸ்போர்ட் செய்யும்போது மென்பொருள் தானாக மூலக் கோப்புக்கு மாறிக்கொள்ளும். தரத்தில் ஒரு புள்ளிகூடக் குறையாது. பிராக்ஸி என்றால் ஏதோ வசதியில்லாதவர்கள் செய்யும் சமாளிப்பு என்று இளைய எடிட்டர்கள் சிலர் நினைக்கிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. பெரிய திரைப்படங்களே மூலக் கோப்பைத் தொடாமல் சிறிய நகலில்தான் எடிட் ஆகின்றன. மாலையில் பிராக்ஸியைப் போட்டுவிட்டுத் தூங்கினால், காலையில் மினிடிவி போல லேசாக ஓடும் டைம்லைன் கிடைக்கும். பிளேஹெட்டை இழுத்த இடத்தில் படம் நிற்கும். அதை ஒரு முறை அனுபவித்தவர் திரும்பப் போகமாட்டார்.

முழு 4கே அளவிலேயே புரோரெஸ் 422 ஆக மாற்றவும் செய்யலாம். அப்போது அதே 30 ஃபிரேமுக்கு வினாடிக்கு 589 மெகாபிட், மணிக்கு 265 ஜி.பி. இடம் தாராளமாக இருந்தால் நல்லதுதான், இல்லாவிட்டால் பிராக்ஸியே போதும்.

இதற்குப் பிறகும் புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், நான் பார்க்கும் வரிசை இது. முதலில் உங்கள் கேமராவின் வடிவம், பிட் ஆழம், 4:2:2 எல்லாவற்றையும் அந்தச் சிப்பின் விரிக்கும் பகுதி ஆதரிக்கிறதா என்று பாருங்கள். தயாரிப்பாளரின் அட்டவணையில் வரிக்கு வரி இருக்கும். 'எச்.265 ஆதரவு' என்ற ஒற்றை வரியை நம்பாதீர்கள். அடுத்து கிராஃபிக்ஸ் கார்டின் நினைவகம், 4கே கலர் கரெக்ஷனுக்கு அது குறைந்தால் எல்லாம் நின்றுவிடும். அப்புறம்தான் பிராசசர். டைம்லைனில் கை வைத்து வேலை செய்ய, முப்பது மந்தமான கோர்களைவிடப் பத்து வேகமான கோர்கள் மேல். நாள் முழுக்க எக்ஸ்போர்ட்டும் அனிமேஷன் ரெண்டரும்தான் வேலை என்றால் கோர் எண்ணிக்கைக்குப் பணம் கொடுப்பது நியாயம். லேப்டாப் என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். முதல் இரண்டு நிமிடம் காட்டும் வேகம் நிலையானது இல்லை. சூடேறியதும் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எவ்வளவு வாங்கினாலும் ரியல் டைமில் எதிர்பார்க்கக் கூடாதவை சில உண்டு. முன்னும் பின்னும் பல ஃபிரேம்களை ஒப்பிட்டுப் புள்ளி இரைச்சலை நீக்கும் எஃபெக்ட், இல்லாத ஃபிரேம்களைக் கற்பனையில் உருவாக்கும் ஸ்லோ மோஷன், ஆட்டத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசேஷன். இவற்றை எடிட் முடிந்த பிறகு கடைசியில் போட்டு, அந்த இடத்தை மட்டும் ரெண்டர் செய்துகொள்ளுங்கள்.

நடுவில் மொபைலில் எடுத்த கிளிப்புகள் இருந்தால் அவற்றையும் தனியாகப் பாருங்கள். பல மொபைல்கள் ஃபிரேம் ரேட்டை நிலையாக வைத்திருப்பதில்லை, வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப ஏறி இறங்கும். அதனால் வரும் இடறலும் ஒலி விலகலும் எந்தப் பிராசசராலும் தீராது. நிலையான ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றிய பிறகே டைம்லைனில் போடுங்கள்.

இன்று இரவே அந்தத் தனிக் கிளிப் சோதனையைச் செய்து, 'வீடியோ டிகோட்' வரைபடம் என்ன காட்டியது, கிளிப்பின் வடிவம் என்ன என்ற இரண்டையும் எழுதுங்கள். அது 10 பிட் 4:2:2 எச்.265, வரைபடமும் தரையில் என்றால், பயாஸில் உள் கிராஃபிக்ஸை எழுப்புவதிலிருந்து தொடங்குவோம்.